வீட்டை விட்டால்தான் பயிற்சியா?

விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் ஒன்றியத்தில் ஒரு சிற்றூர். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த எட்டு வயதுப் பெண் பிள்ளை. தாய்க்குக் கரும்பு வெட்டோ நூறு நாள் வேலையோ கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பெரியும். பிசியோவுக்காகப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் ஏறினால் அன்றைய கூலி போயிற்று. அப்போது யாராவது சொல்வார்கள்: "ஹாஸ்டல் இருக்கிற ஸ்பெஷல் ஸ்கூல்ல விட்டுடும்மா. தினமும் பயிற்சி கொடுப்பாங்க, மூணு வேளையும் சோறு போடுவாங்க." கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்த மாவட்டத்துக் கூலி வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது புதிய கதை அல்ல.

பிள்ளையை அங்கே விடுவது சரியா? சிகிச்சை வேண்டுமானால் தாயைப் பிரிந்தாக வேண்டும் என்ற நிலைக்கு ஒரு சிறுமியைக் கொண்டுவந்து நிறுத்துவது நியாயமா? முதல் கேள்வியைத் தாயிடம் கேட்கலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

விடுதியின் பக்கம் உள்ள நியாயம் சிறியதல்ல. மூளை முடக்குவாதத்தில் தசைகள் பெரும்பாலும் இறுகிக் கிடக்கும். கெண்டைக்கால் தசையைத் தினமும் நீட்டிவிடாவிட்டால் அது குறுகி, குதிகால் தரையில் படாமல் போகும். பிறகு அறுவை சிகிச்சை வரை போக நேரலாம். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் செய்வதால் பெரிய பலன் இல்லை, அன்றாடம் செய்தாக வேண்டும். இயன்முறை சிகிச்சையாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் ஒரே வளாகத்தில் இருந்தால் அது நடக்கும். காது கேளாத பிள்ளைக்கு விடுதி இன்னும் பெரிய கொடை. வீட்டில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. தன்னைப்போலக் கையால் பேசும் பிள்ளைகளை அது முதன்முதலாகக் காண்பதே பெரும்பாலும் விடுதியில்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் தொடங்கிய பள்ளிகள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை ஆளாக்கியிருக்கின்றன. விடுதி என்றாலே தீமை என்று பேசுபவர்கள் இந்த வரலாற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆனால் பயிற்சி எதற்காக என்ற இடத்தில் சிக்கல் எழுகிறது. வழுவழுப்பான டைல்ஸ் தரையில் இணைகம்பியைப் பிடித்து நடக்கப் பழகிய பிள்ளை, கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பினால் மண் வாசலும் உயர்ந்த நிலைப்படியும் எதிரே நிற்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இடம் மாறினால் பழக்கமும் பெரும்பாலும் மாறிப்போகும். விடுதிக் கழிப்பறையில் கற்றதை வீட்டில் செய்யாது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளிடமும் இதைக் காணலாம். எங்கே வாழப்போகிறதோ அங்கே கற்பதுதான் அவர்களிடம் நிலைக்கும். பெற்றோருக்கு ஒன்றும் சொல்லித்தராமல் பிள்ளைக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுக்கும் இல்லம், விடுதி வாழ்க்கைக்கே அதைப் பழக்குகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டி எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. குழந்தையின் நலனுக்குத் தேவைப்பட்டால் உரிய நீதிமன்றத்தின் ஆணைப்படி மட்டுமே பிரிக்கலாம் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நெருங்கிய உறவினர், அதுவும் இயலாவிட்டால் ஊருக்குள்ளேயே ஒரு குடும்பச் சூழல்; காப்பகம் என்பது விதிவிலக்கான நிலைமைக்கு மட்டும். அதிகாரி ஒருவர் வந்து பிள்ளையைத் தூக்கிப்போனால் இந்தச் சட்டத்தைக் காட்டித் தடுக்கலாம். பஸ் கட்டணமும் இழந்த கூலியும் பக்கத்தில் இல்லாத பிசியோவும் சேர்ந்து பிரித்தால் எந்த நீதிபதியிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பெற்றோர் தாமாக முன்வந்து சேர்த்ததாகவே பதிவேட்டில் இருக்கும். வேறு வழியே காட்டாமல் வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று அறம் ஏற்காது. அதனால் அந்தத் தாய்மேல் பழி இல்லை.

உள்ளே போன பிள்ளைக்காக வெளியே இருந்து யார் விசாரிக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உள்ள அன்பு ஜோதி ஆசிரமம் செய்தியானது. அங்கே சேர்க்கப்பட்ட ஒருவரைக் காணாமல் அவருடைய உறவினர் தரப்பு ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றம் போனதுதான் தொடக்கம். அதிகாரிகள் உள்ளே நுழைந்த பிறகு 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். முறையான உரிமம் இல்லாமல் நடத்தியதாகவும், அடித்துத் துன்புறுத்தியதாகவும், பாலியல் கொடுமை நடந்ததாகவும் புகார்கள் எழுந்தன. விசாரணை சிபிசிஐடி கைக்குப் போனது. அந்த ஆசிரமம் பள்ளி அல்ல. மனநலம் பாதித்தோரையும் ஆதரவற்றோரையும் வைத்திருந்த இடம். எல்லா இல்லங்களையும் அதைக் காட்டி எடைபோடுவதும் நியாயமாகாது. ஆனாலும் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனத்தை நடத்தக் கூடாது என்று சட்டம் வந்து ஆறாண்டு கடந்த பிறகும், கதவைத் திறக்க வைத்தது ஒரு குடும்பத்தின் தேடல்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பியோட முடியாமல் தீயில் சிக்கி, 28 பேர் இறந்தனர். அதன் பிறகுதான் நாடு அத்தகைய இல்லங்களுக்குள் எட்டிப் பார்த்தது. பேச முடியாத பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் பெற்றோரைத் தவிரக் கேட்க நாதி இல்லை என்றால், நல்லவர்கள் நடத்தும் இல்லத்திலும் அதன் பாதுகாப்பு அவர்களுடைய நல்ல மனத்தை மட்டுமே நம்பி நிற்கிறது.

ஓர் இல்லத்தின் அறத்தை அளக்கச் சிகிச்சை அறையைவிடச் சாப்பாட்டு நேரம் நல்ல இடம். விழுங்கச் சிரமப்படும் பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலையை லேசாக முன்னே சாய்த்து, ஒவ்வொரு கவளமாக ஊட்ட முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். படுக்கவைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் கொண்டுவிடலாம். பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆயா என்றால் அவரால் என்ன செய்ய முடியும்? கஞ்சியாகக் கரைத்துப் படுக்கையிலேயே புகட்டத்தான் நேரம் இருக்கும். அவர் கொடுமைக்காரர் என்பதாலா அப்படிச் செய்கிறார்? இருக்கிற ஆள் அவ்வளவுதான். பகலில் வந்துபோகும் சிகிச்சையாளரின் பட்டத்தைப் பார்க்கும் ஆய்வாளர்கள், அறிவிக்காமல் இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

மாற்று வழி உண்டா என்றால், உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கடற்படை அதிகாரி தேர்வின்போது 1975இல் முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தவர் அவர். விடுதியும் பள்ளியும் நடத்தும் அந்த அமைப்பே கிராமங்களில் களப்பணியாளர்களைப் பயிற்றுவித்து, சிகிச்சையாளர்களின் வழிகாட்டலில் வீடு வீடாக அனுப்பி, தாய்மாருக்கே பயிற்சி முறைகளைக் கற்றுத்தருகிறது. அரசிடமும் இதற்கான கட்டமைப்பு இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களும் சிறப்பாசிரியர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் வீட்டுவழிக் கல்வியும் உண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான மாத உதவித்தொகையைத் தமிழக அரசு 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆக்கியது. ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட தாய்க்கு இந்தத் தொகை இழந்த கூலியில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் பயிற்சி வீட்டு வாசலுக்கு வரும்படி செய்வது முதல் கடமை. விடுதி அதற்குப் பிறகு. அப்போதும் சில பிள்ளைகளுக்கு விடுதி தேவைப்படும். சேர்க்கும் நாளிலேயே எவ்வளவு காலம், என்ன இலக்கு, வீட்டில் யாருக்குப் பயிற்சி என்பவை எழுத்தில் இருந்தால் அது நியாயமான விடுதி.

இதில் பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. பிறந்தநாள், திருமண நாள், திதி என்றால் இல்லத்துக்குப் போய் ஒருவேளைச் சாப்பாடு போட்டு, வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்வது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் தலைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் நன்கொடை வருகிறது என்றால், பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் இல்லத்துக்கு நட்டம், வைத்துக்கொள்ளும் இல்லத்துக்கு லாபம். சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள், எத்தனை தாய்மாருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று சோறு போடப் போகிறவர் கேட்டுப் பார்க்கலாம். ஒருவர் கேட்டால் மழுப்பிவிடலாம். வருகிறவர்கள் எல்லாம் கேட்டால் பதிலோடு இருந்தாக வேண்டும்.