பாக்கியும் வினையும்

குடியிருந்தவர் வாடகை பாக்கி வைத்து, கதவையும் உடைத்துவிட்டுச் சொல்லாமற் போய்விட்டார். வீட்டுக்காரர் செய்யத்தக்கது யாது? உரியதைக் கேட்பது இம்சையாகாது. பொறுமை என்ற பெயரில் உள்ளே புழுங்குவதால் யாருக்கும் நன்மையில்லை.

2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், முன்பணத்தில் நிலுவையைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரச் சொல்கிறது. நமக்குச் சோதனை அங்கேதான். உடைந்த கதவு சேதம். நாட்பட்டு மங்கிய சுண்ணாம்பு சேதமன்று. சினத்தால் அதனையும் கணக்கிலேற்றினால், கள்ளாமை என்னும் அணுவிரதம் நம் கையாலேயே முறியும். அவர் பட்ட கடன் அவருடையது. நாம் கூட்டியெழுதிய தொகை நம்முடைய வினை.

ஆதலின் தச்சர் தந்த இரசீதுப்படியே கணக்கெழுதுவோம், ஊரெல்லாம் தூற்றாதிருப்போம். எஞ்சிய பாக்கிக்கு வழக்கிடுவதோ விட்டுவிடுவதோ அவரவர் நிலைமையைப் பொறுத்தது. பகையை விடுவது நம் அனைவர்க்கும் கடமை.