சங்கம் யாருடையது?



அப்போஸ்தலர் நடபடி ஆகமத்தின் ஆறாம் அதிகாரம் ஒரு முறுமுறுப்போடு துவங்குகிறது. ஜெருசலேமில் நாள்தோறும் நடந்த உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லையென்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் மனத்தாங்கல் கொண்டார்கள். அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? தாங்களே பந்தி விசாரிக்கப் போகவில்லை. குறை சொன்னவர்களைக் கடிந்துகொள்ளவுமில்லை. எல்லோரையும் கூட்டி, நற்பெயருள்ள ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பை அவர்களிடமே விட்டார்கள். அந்த ஏழு பேரில் முதல்வர்தான் அர்ச். முடியப்பர். ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். முறுமுறுத்தவர்கள் தலையிலேயே வேலையும் விழுந்தது போலும்!

இதை இன்று எடுத்துச் சொல்லக் காரணம், கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்களில் அங்கத்தினராயிருக்கும் குடும்பங்கள்தான். பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது சங்கத்தைப் பற்றி எத்தனை குறை! பேரவைக் கூட்டத்துக்கு அறிவிப்பு வந்த அன்றோ, ஒருவருக்குச் சீசன் கடையை விட்டு வர இயலாது; இன்னொருவர் வீட்டு விருந்தாளிகளுக்கு ஐந்தருவியில் குளிக்க வேண்டும். சாரல் அடுத்த நாளும் அடிக்கும் அன்றோ?

பம்பாய் காம்தேவியில் 1915-ம் ஆண்டு சாரஸ்வத சமூகத்தார் ஒரு வீட்டுச் சங்கம் அமைத்தார்கள். கட்டடத்துக்குச் சங்கமே உடைமைக்காரர், குடியிருப்போரே சங்கத்தார். நூறாண்டு கடந்தும் அது நிற்கிறது. அங்கே கூரை ஒழுகினால் எல்லோருக்கும் தெரியும். நம் நாட்டுப் பக்கம் பெரும்பாலான சங்கங்கள் வேறு விதம். வீடு அவரவருக்குத் தனி. சங்கம் கடன் கொடுக்கும். ஆகையால் அங்கத்தினர் அதை ஒரு வட்டிக்கடையாக எண்ணிவிடுகிறார். தவணையைக் கட்டினோம், தீர்ந்தது என்று வீடு திரும்புகிறார்.

தீர்ந்ததா? கடன் பணம் மாநில வீட்டு வசதி இணையத்திலிருந்து சங்கத்துக்கு வந்து, சங்கத்திலிருந்து உங்களுக்கு வருகிறது. உங்கள் வீட்டுப் பத்திரம் அதற்கு ஈடு. நீங்கள் கட்டும் தவணை சங்கத்தோடு நின்றுவிடாமல் மேலேயும் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால்? கடைசித் தவணை வரை ஒழுங்காகக் கட்டிய ஏழைக்கும் பத்திரம் கைக்கு வராது. தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் இப்படி ஆண்டுக்கணக்கில் அலைந்திருக்கின்றன. பெண்ணின் கலியாணத்துக்கு நிலத்தை விற்கவோ, தகப்பன் இறந்தபின் பிள்ளைகள் பாகம் பிரிக்கவோ முடியாமல் நிற்கும்போதுதான் சங்கத்தின் கணக்கு நம் வீட்டுக் கணக்கு என்பது புலப்படுகிறது.

குற்றாலத்து மலையிலிருந்து இறங்கும் சிற்றாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாகக் குளத்துக்கு வருகிறது. தலைமடைக்காரன் வயல் நிறைந்தது என்று கால்வாயை மறந்தால், கடைமடைக்காரன் நாற்று காயும். இது இங்குள்ள சிறுபிள்ளைக்கும் தெரியும். கால்வாய் வெட்டக் கூடை எடுத்துப் போன பரம்பரை, பேரவைக்கு மட்டும் ஏன் போவதில்லை?

குற்றம் முழுவதும் அங்கத்தினர் மேல் இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1976-ல் தமிழ்நாட்டில் சங்கங்களை நடத்தத் தனி அதிகாரிகளை நியமிக்கச் சட்டமே வந்தது. 2013-லும் 2018-லும் தேர்தல் நடந்தது. 2018-ல் வந்த குழுக்களின் காலம் 2023-ல் முடிந்ததும் மறுபடி தனி அதிகாரிகள். சிறியோர் தாங்களே செய்யக்கூடியதைப் பெரிய அதிகாரம் பறித்துக்கொள்வது அநீதி என்று 11-ம் பத்திநாதர் பாப்பானவர் 1931-ம் ஆண்டு நிருபத்தில் கற்பித்தார். மெய்தான். ஆனால் குழு இருந்த ஆண்டுகளில் வரவு செலவு வாசிக்கப்பட்டபோது எத்தனை பேர் கேட்டோம்? வாக்கு ஆளுக்கு ஒன்று. பங்கு அதிகம் வைத்திருப்பவருக்கும் ஒன்றுதான். அந்த ஒன்றையும் சொந்தக்காரன், கட்சிக்காரன் என்று பார்த்துப் போட்டவர்கள் உண்டு.

கனடா தேசத்தில் ரிசர்வ் மைன்ஸ் என்னும் சுரங்க ஊரில் டாம்ப்கின்ஸ் என்ற குருவானவர் இருந்தார். 1938-ல் அங்கே பதினொரு சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கூட்டுறவாய்த் தங்கள் கையாலேயே வீடு கட்டிக் குடிபுகுந்தன. கல் வைக்குமுன் அவர்கள் நெடுநாள் கூடியிருந்து படித்தார்கள்: கடன், வட்டி, மரத்தின் விலை, கணக்கு எழுதும் விதம். பகலெல்லாம் நிலக்கரி வெட்டியவர்கள்! நமக்கு ஒரு அறிக்கையைப் புரட்டிப் பார்க்க அலுப்பாயிருக்கிறது.

சுவாமியார் வந்து தலைமை வகித்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறீர்கள். அப்போஸ்தலர்களே ஏற்காத பந்தி விசாரிப்பை நான் ஏற்பதற்கில்லை.

அடுத்த பேரவைக்குப் புருஷனும் மனைவியும் பேசிக்கொண்டு, அங்கத்தினராயிருப்பவர் தவறாமல் போகட்டும். விதவைகள் கூச்சப்பட வேண்டாம். வாரிசாகப் பெயர் மாற்றியாயிற்றா என்று முதலில் விசாரியுங்கள். தவணை ரசீதுகளைக் கையோடு கொண்டுபோய்ச் சங்கப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். நாம் கட்டியதில் எவ்வளவு இணையத்துக்குச் செலுத்தப்பட்டது, இவ்வாண்டுத் தணிக்கையில் என்ன குறை எழுதப்பட்டிருக்கிறது என்று எழுந்து நின்று மரியாதையாகக் கேளுங்கள். அறிக்கை விளங்காதவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அதைக் கோவில் மண்டபத்துக்குக் கொண்டுவரலாம். கணக்குத் தெரிந்த நம் ஆசிரியர்கள் உட்கார்ந்து வாசித்துச் சொல்லுவார்கள்.