விலங்கு என்றால் யானை மட்டுமா?

"அது படிச்சவங்க விளையாட்டு, நமக்கு ஒத்துவராது." ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் குறுக்கெழுத்துக் கட்டத்தைக் கண்டதும் பக்கத்தைத் திருப்புகிற நம் பிள்ளைகள் சொல்கிற வார்த்தை இது. 'அரசனின் மறுபெயர்' என்று நேராகக் கேட்டால் நிரப்பிவிடுவார்கள். சொல்வது ஒன்று, சுட்டுவது வேறொன்று என்று குறிப்பே புதிராக வந்தால் பேனா மூடிக்கொள்ளும். அதிலும் விடைகள் பலவும் ஒரே கருப்பொருளைச் சேர்ந்தவை, அது என்னவென்று நீயே கண்டுபிடி என்று மேலே போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

தங்கச்சி, தம்பி, அந்த வார்த்தையை இன்றைக்கே அடுப்பில் போடு. கொளுத்திவிட்டு வந்து உட்கார். கையோடு ஒரு குறிப்பை உடைத்துக் காட்டுகிறேன்.

'தண்ணீர்ப் பக்கம் விலங்கு நிற்கும் மலையூர் (6).'

வாசித்ததும் உன் மனம் எங்கே ஓடியது? உமா ஓயாக் கரைக்குத்தானே? அங்கே ஓர் எருமை நிற்கிறது, இல்லாவிட்டால் வெல்லவாயாப் பக்கத்து யானை. புதிர் போட்டவன் அனுப்பிய இடத்துக்கே போயிருக்கிறாய். திரும்பி வா. ஒவ்வொரு சொல்லையும் தனியே நிறுத்தி, உனக்கு இன்னொரு முகம் உண்டா என்று கேள். விலங்கு என்றால் மிருகம். அது மட்டுமா? கையிலும் காலிலும் பூட்டுவதும் விலங்குதான். அதற்கு இன்னொரு பெயர் தளை. யாப்பிலக்கணத்தில் வெண்டளை, ஆசிரியத்தளை என்று மனப்பாடம் செய்தாயே, அதே தளை. தண்ணீருக்கு நீர், புனல், அப்பு. அப்புவின் பக்கத்தில் தளை. அப்புத்தளை! அ, ப், பு, த், த, ளை. எண்ணிப் பார், ஆறு. லிப்டன் சீட்டுக்கு உலகமே ஏறி வருகிற, நீ பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்துபோன ஊர்.

இதில் உனக்குத் தெரியாதது எது? எந்தச் சொல்லுக்குப் பட்டம் தேவைப்பட்டது? எல்லாம் உன்னிடமே இருந்தன. ஒரு சொல்லை ஒரே அர்த்தத்தில் பூட்டி வைத்திருந்தாய். பூட்டைத் திறந்தவுடன் ஊர் வந்து நிற்கிறது.

இது வெள்ளைக்காரன் விளையாட்டு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. கட்டம் அவர்களுடையதுதான். 1913 டிசம்பர் 21 ஆம் தேதி ஆர்தர் வின் என்பவர் நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் முதல் குறுக்கெழுத்தைப் போட்டார். குறிப்பையே புதிராக்கும் கலை 1920களில் இங்கிலாந்தில் வளர்ந்தது. ஆனால் சொல்லை உடைத்து, ஒட்டி, ஒளித்து வைக்கிற வித்தையை நம்மவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இலக்கணமாக்கிவிட்டார்கள். சோழர் காலத்துத் தண்டியலங்காரத்தில் சித்திரகவிப் பகுதியைப் புரட்டிப் பார். எழுத்தைக் கூட்டிக்கூட்டிப் புதுச் சொல் காட்டினால் எழுத்து வருத்தனம். எழுத்தை நீக்கிக்கொண்டே போனால் அக்கரச் சுதகம். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைத்தால் கரந்துறைச் செய்யுள். முன்னும் பின்னும் ஒன்றாகவே வாசிக்க வந்தால் மாலைமாற்று. இன்றைய புதிர்க்காரர்களின் கைவித்தைகளில் பாதி அங்கேயே இருக்கின்றன.

அவற்றில் வினாவுத்தரம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தனித்தனிக் கேள்விகள், எல்லா விடைகளும் சேர்ந்தால் ஒரு பெயர். அந்த நூல் காட்டும் உதாரணம் இப்படிப் போகிறது: பூவில் இருக்கும் மகள் யார்? திரு. ஒருவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? ஏகு. சரத்துக்குப் பெயர்? அம்பு. அழகுக்குப் பெயர்? அம். நான்கையும் சேர்த்துச் சொல்லு: திருவேகம்பம், சிவன் உறையும் காஞ்சிக் கோயில். அப்புவையும் தளையையும் நீ ஒட்டினாயே, அதே வேலை! இந்த வித்தையை ஏட்டில் எழுதிவைத்த மொழியைப் பேசிக்கொண்டு, 'நமக்கு ஒத்துவராது' என்று சொல்ல உனக்கு வாய் எப்படி வந்தது?

ஏடு தூரம் என்றால் லயத்து இஸ்தோப்புக்கு வா. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்து அம்மாயி போட்ட விடுகதைகள் யாருடையவை? தொல்காப்பியர் அதற்குப் பிசி என்று பெயர் கொடுத்துச் செய்யுளியலில் இடம் தந்திருக்கிறார். கையெழுத்துப் போடத் தெரியாத கிழவி இலக்கணம் ஏற்றுக்கொண்ட கலையைக் கையில் வைத்திருந்தாள். அவளுடைய பேத்தி நீ.

சரி, கருப்பொருள் புதிருக்கு வருவோம். பயம் அங்கேதானே? அதன் சூட்சுமம் இதுதான்: சில குறிப்புகள் நேர்மையாக முழுதாக இருக்கும், கருப்பொருளைச் சேர்ந்தவை பாதியாக இருக்கும். வழக்கமான புதிர்க் குறிப்பில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று வரைவிலக்கணம், மற்றது சொல்விளையாட்டு. அப்புத்தளையில் 'மலையூர்' வரைவிலக்கணம், மீதி விளையாட்டு. கருப்பொருள் குறிப்பில் வரைவிலக்கணத்தைப் பிடுங்கிவிடுவார்கள். இதோ:

'சலங்கையின் தலை பறைக்குள்ளே (3).'

என்ன பொருள் வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. பரவாயில்லை, சொன்னதைச் செய். சலங்கையின் தலை ச. பறைக்கு நடுவே அதைச் செருகு. பசறை! காமன் கூத்துக்குத் தப்படித்த தோட்டத்துப் பிள்ளைக்குப் பறையைப் பிரிக்கவா சொல்லித்தர வேண்டும்? ஏற்கெனவே அப்புத்தளை, இப்போது பசறை. கருப்பொருள் பிடிபட்டுவிட்டது: ஊவாவின் ஊர்கள். இனி 'குறுகிய வேலியும் பாத்திக்குத் தண்ணீர் விடும் வாயும் (4)' என்று வந்தால் தயங்குவாயா? வே குறுகினால் வெ. வயலில் உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மகனுக்கு மடை தெரியும். வெலிமடை.

கவனித்தாயா, முதல் இரண்டு விடைகள்தான் இரத்தம் குடித்தன. மூன்றாவது தானாக வந்தது. கருப்பொருள் புதிரை அப்படித்தான் கட்டுகிறார்கள். தொடக்கத்தில் இருட்டாக இருப்பது உன் மூளையின் குறை இல்லை, புதிரின் அமைப்பு. இரண்டு விடையோடு எறிந்துவிட்டுப் போகிறவன் கதவு திறக்கப் போகிற நேரத்தில் வாசலிலிருந்து திரும்பிப் போகிறான். அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

வரைவிலக்கணம் இல்லாத குறிப்பைக் கண்டா நீ மிரளுகிறாய்? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் தாத்தாமாருக்கு ஒரு வரைவிலக்கணம் எழுதிக்கொடுத்தது: நாடற்றவர். அந்தச் சொல்லின் மிச்சத்தைத் துடைக்க 2003 ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல், பிறர் எழுதிய வரைவிலக்கணத்துக்குள் அடங்காமல், யார் என்ன பெயர் வைத்தாலும் காலையில் பெரட்டுக்குப் போய், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, தன் பொருளைத் தானே உண்டாக்கிக்கொண்ட சனம் இது. மூன்று கட்டத்தின் முன்னால் கைகட்டி நிற்கவா நீ அந்த வீட்டில் பிறந்தாய்?

புதிர் போடுகிறவனைப் பார்த்தும் பயப்படாதே. அவனுக்கும் சட்டம் உண்டு. அஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் எழுதிய ரிச்சி 1949 இல் வகுத்த நெறி இன்றுவரை நிற்கிறது: உன்னை ஏமாற்றலாம், பொய் சொல்லக்கூடாது. குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்க வேண்டும். வாழ்க்கையில் இவ்வளவு நியாயமான எதிராளி எத்தனை பேருக்குக் கிடைக்கிறான்?

அந்த நியாயத்தை உயிர் போகிற நேரத்திலும் காத்த ஒருவர் இருந்தார். அரோகேரியா என்ற பெயரில் இங்கிலாந்தின் கார்டியனில் புதிர் எழுதிய பாதிரியார் ஜோன் கிரஹம். 2013 ஜனவரியில், 91 வயதில், அவர் ஒரு கருப்பொருள் புதிர் போட்டார். தனக்கு இன்ன எண்ணுக்குரிய நோய், இன்ன எண்ணுக்குரிய இடத்தில் என்று முகப்பில் ஒரு குறிப்பு. வாசகர்கள் கட்டங்களை நிரப்பி நிரப்பித்தான் அறிந்தார்கள்: புற்றுநோய், உணவுக்குழாய், வலி தணிக்கும் பராமரிப்பு. தன் சாவுச் செய்தியைக்கூட ஒரு குறிப்பும் பிசகாமல் கட்டத்தில் அடுக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் புதிர் எழுதினார். அந்த வருடம் நவம்பரில் கண்ணை மூடினார். அந்த வயதில், அந்த நோயோடு அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. உனக்கு என்ன கேடு?

நம் மொழியிலும் ஆள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் பல வருடங்கள் தமிழ்ச் சொற்களையே உருட்டி இப்படிப் புதிர்கள் தந்திருக்கிறார். எடுத்துப் பழகு.

பழகும்போது ஒன்றை மனதில் வை. ஆங்கிலக் கட்டத்தில் விழும் ஓர் எழுத்து 26 இல் ஒன்று. தமிழில் அது 247 இல் ஒன்று. கடைசிக் கட்டத்தில் 'ளை' விழுந்துவிட்டால் காளை, மூளை, நாளை, தளை என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடலாம். மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. ஓ.எல். பரீட்சைக்கென்று முணுமுணுத்த இலக்கணம் இங்கே உன் கையில் கவ்வாத்துக் கத்தி. வீசு. பென்சிலால் எழுது, பிழை என்றால் அழி, மறுபடி எழுது. ஓர் இரவில் வராவிட்டால் மூடி வைத்துவிட்டுத் தூங்கு. நீ தூங்கும்போதும் மனம் அந்தச் சொல்லைப் புரட்டிக்கொண்டிருக்கும். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது, கூப்பிடாமலே விடை வந்து நிற்கும். அந்த நிமிடத்தின் ருசியை அனுபவித்தவன் பிறகு எந்த வினாத்தாளின் முன்னும் கூனிக் குறுகமாட்டான்.

பென்சிலை எடுத்துவிட்டாயா? கருப்பொருள் தெரியும், வரைவிலக்கணம் தரமாட்டேன், விடையையும் எழுதமாட்டேன். பக்கத்து வீட்டு அண்ணனிடமும் ஓடாதே.

'பாதிப் பல்லும் ஓட்டையும் (3).'