ஆறுதலாப் போட்டு வாங்கோ

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒரு தொடர்மாடி வீடு. கீழே மரைன் டிரைவ், அதற்கப்பால் தண்டவாளம், அதற்கும் அப்பால் அலை. மேசையில் ஒரு கொப்பி விரிந்து கிடக்கிறது. ஆவணியில் கலியாணம், புரட்டாதியில் தேனிலவு. கொப்பியில் எழுதியிருப்பவை ஊர்ப் பெயர்கள் அல்ல, முறைப் பெயர்கள்: லண்டன் பெரியம்மா, பாரிஸ் சித்தப்பா, சுவிஸ் மாமா, ஜெர்மனியில் இரண்டு மச்சான்மார், ஒஸ்லோவில் அப்பாவின் பழைய சிநேகிதர். பெண் வெள்ளவத்தை, மாப்பிள்ளை கொட்டாஞ்சேனை. பதினாலு இரவுக்குள் இத்தனை பேர் வீட்டிலும் சாப்பிட்டு, இடையில் ஒரு மலையையும் ஒரு ஏரியையும் பார்த்துவிட வேண்டும்.

இந்தச் சோடி குறிப்பிட்ட ஒரு குடும்பத்தவர் அல்லர். இரண்டு ஊர்களிலும் பல வீடுகளில் நடக்கும் பேச்சைச் சேர்த்து இங்கே ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கொழும்புத் தமிழருக்கு ஐரோப்பா ஏன் உறவுமுறைகளாலேயே விரிகிறது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. 1983 ஜூலை 24ஆம் திகதி பொரளையில் மூண்ட வன்முறை அடுத்தடுத்த நாட்களில் கொழும்பெங்கும் தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்தது. அதன்பின் புறப்பட்டவர்களில் பலர் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் போனார்கள். அங்கிருந்து பாரிசுக்கும் சுவிசுக்கும் போனவர்களும் உண்டு. எல்லைகளை இரவில் கடந்தவர்களுக்கு யன்னலுக்கு வெளியே மலை இருந்ததா, ஏரி இருந்ததா என்று பார்க்க மனம் இருந்திராது. இன்று சுவிஸில் ஏறக்குறைய 50,000 தமிழர் வாழ்கிறார்கள். முதலில் போன இளைஞர்கள் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலையிலும் காலூன்றியவர்கள். அவர்கள் இப்போது பேரப்பிள்ளை கண்ட மாமாமார்.

வெள்ளவத்தைக்கும் அந்தப் பயணங்களில் ஒரு பங்கு இருந்தது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள் இங்குள்ள லொட்ஜுகளில் மாதக்கணக்கில் விசாவுக்கும் ஏஜென்சிக்காரரின் அழைப்புக்கும் காத்துக் கிடந்தார்கள். அவர்களிடம் நேரம் மிச்சமாக இருந்தது. நிம்மதிதான் இருக்கவில்லை. ஆகவே இந்த ஊரில் யாராவது மெதுவான பயணம் என்று பேச்செடுத்தால், அது எந்த மெது என்று கேட்கத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது. வாசலில் நின்று வழியனுப்பும் அம்மம்மாமார் “ஆறுதலாப் போட்டு வாங்கோ” என்பார்கள். அவசரப்படாமல் என்பதும் மனம் அடங்கி என்பதும் அந்த ஒரு சொல்லுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. லொட்ஜில் காத்திருந்தவரின் மெதுவில் ஆறுதல் இல்லை. பத்து நாளில் எட்டு நாடு என்று விளம்பரம் செய்யும் சுற்றுலாப் பஸ்ஸிலும் அது இல்லை.

ஆனால் இந்தச் சோடியின் பெற்றோர் அதை அறிந்தவர்கள். அந்தத் தலைமுறையில் கொழும்பில் கலியாணம் முடித்தவர்களுக்குத் தேனிலவு என்றால் பெரும்பாலும் நுவரெலியாதான். கோட்டையில் பதுளை ரயில் ஏறினால் நானுஓயாவில் இறங்க அரை நாளுக்கு மேல் போகும். 1864இல் அம்பேபுஸ்ஸ வரை ஓடத் தொடங்கி, 1867இல் கண்டியையும் 1924இல் பதுளையையும் தொட்ட பாதை அது. நானுஓயாவுக்கு அப்பால் பட்டிப்பொலவுக்கு அருகே 1,898 மீற்றர் வரை ஏறுகிறது. இறங்கியவர்கள் இரவல் வாங்கிய ஸ்வெட்டரோடு மூன்று நாள் ஒரே அறையில் தங்கினார்கள். ஆளுநர் கிரெகரியின் காலத்தில், 1873இல் வெட்டிய ஏரியை இரண்டு தரம் சுற்றினார்கள். திரும்பி வந்ததும் எத்தனை இடம் பார்த்தீர்கள் என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. குளிர் எப்படி என்றுதான் கேட்டார்கள்.

திரை காட்டிய தேனிலவும் முதலில் ஒரே ஏரியைத்தான் சுற்றியது. ஸ்ரீதர் 1961இல் எடுத்த “தேன் நிலவு” காஷ்மீரைத் தமிழ் ரசிகருக்குக் கொண்டுவந்தது. மறுமணம் செய்த தகப்பன் தன் மகளையும் கூட்டிக்கொண்டு தேனிலவுக்குப் போகும் கதை. குடும்பம் கூடவே வருவது நமக்குப் புதிதில்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. எட்டு வருடம் கழித்து அதே ஸ்ரீதர் “சிவந்த மண்” படத்துக்காக ஐரோப்பாவுக்கே போனார். அதற்குப் பிறகு பாட்டுக்கு நாலு வரி, வரிக்கு ஒரு மலை என்று கமரா ஓடப் பழகிவிட்டது. பார்த்துப் பார்த்து நாமும் அப்படியே திட்டம் போடப் பழகிவிட்டோம்.

அவசரத்தை நாம் கண்டுபிடிக்கவும் இல்லை. தோமஸ் குக் முதன்முதலாகச் சுவிசுக்குக் கூட்டம் கூட்டிப் போனது 1863இல். அதில் போன ஜெமிமா மொரெல் என்ற ஆங்கிலப் பெண் நாட்குறிப்பு எழுதினார். அது நூறு வருடம் கழித்துத்தான் அச்சேறியது. விடியுமுன் எழும்பி, மலைப்பாதையில் நடந்து, சூரியோதயம் பார்க்க றீகி மலையில் ஏறி, மூன்று கிழமைக்குள் லண்டன் திரும்பிய பயணம் அது. அந்தக் காலத்துச் சாலைகளுக்கு அது பெரிய வேகம்.

இனி மேசைக்கு வருவோம்.

பெண் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறாள். ஊர் மாறுவதென்றால் பெட்டி கட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், ரயிலேற வேண்டும், புது அறைத் திறப்புக்காகப் பின்னேரம் வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு நாளில் பாதியை விழுங்குகிறது. பதினாலு இரவில் ஏழு ஊர் என்றால் மூன்றரை நாள் பெட்டியோடு போய்விடும். மூன்று ஊர் என்றால் மனிதர் மிஞ்சுவார்கள்.

லண்டன் முதலில் விழுகிறது. பிரித்தானியா ஷெங்கன் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது, அதற்கு விசா வேறு. ஷெங்கன் என்பது லக்சம்பர்க்கில் மொசெல் ஆற்றங்கரைக் கிராமமொன்றின் பெயர். 1985 ஜூன் 14இல் அங்கே ஐந்து நாடுகள் போட்ட ஒப்பந்தம் இன்று 29 நாடுகளின் உள் எல்லைகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத சுவிசும் 2008 முதல் அதற்குள்தான். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அந்த ஒரு விசா போதும். ஆறு மாதத்துக்கு முன்னிருந்து விண்ணப்பிக்கலாம். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்குக் கூற்று, வேலைத்தலக் கடிதம், ஒவ்வொரு இரவும் எங்கே படுக்கை என்பதற்கான சான்று. கைரேகை கொடுத்தால் 59 மாதம் செல்லும். ஏழு ஊருக்கு ஏழு பதிவு காட்டுவதைவிட மூன்று ஊருக்கு மூன்று காட்டுவது விண்ணப்பத்திலும் தெளிவாக நிற்கும்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில் மாப்பிள்ளைக்குச் சந்தேகம் இருக்கவில்லை: மாமா இருப்பது சுவிஸ், ஆகவே சுவிஸ். பெண்தான் கொப்பியைத் திருப்பிக் காட்டுகிறாள். சுவிஸில் ஆறு இரவு, இத்தாலியில் இரண்டு ஊரிலுமாக எட்டு. அதிக நாள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. எண்ணுவது நாட்டை, ஊரை அல்ல. இத்தாலிதான்.

பணம் சிறு விஷயமல்ல. 2022 மார்ச்சில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் நின்ற நாணயம் மே மாதத்தில் 360ஐத் தாண்டியதை இந்தத் தலைமுறை சம்பளத்தோடு அனுபவித்தது. சேமித்த காசு ஒரே பருவத்தில் உருகிப்போவதைக் கண்டவர்கள் இவர்கள். அதனாலேயே சமையலறை உள்ள சின்ன வீட்டை ஐந்து நாளுக்குச் சேர்த்து எடுப்பது இவர்களுக்கு ஒத்துவரும். சுவிஸ் உணவகத்தில் இரண்டு பேர் ஒருவேளை உட்கார்ந்து எழும்பும் காசுக்குத் தமிழ்க்கடையில் அரிசியும் பருப்பும் வாங்கினால் பல நாள் ஓடும். ஓரிடத்தில் தங்குபவருக்குத்தான் அடுப்பு கிடைக்கும்.

முதல் ஊர் தூன். பேர்ணிலிருந்து ரயிலில் இருபது நிமிடம்தான். ஏரியை விட்டு வெளியேறும் ஆறு நகருக்குள் நுழைகிறது. வானம் தெளிந்தால் ஐகர், மொன்க், யுங்ஃப்ராவ் மூன்றும் தென்படும். பயணிகளில் பெரும்பாலானோர் இதைத் தாண்டி இன்டர்லாக்கனுக்கும், அங்கிருந்து 3,454 மீற்றரில் இருக்கும் யுங்ஃப்ராவ்யொக் நிலையத்துக்கும் ஓடுகிறார்கள். ஐகர் மலையைக் குடைந்து 1912இல் முடித்த அந்த ரயில்பாதை பெரிய சாதனைதான். ஆனால் சீட்டு விலை அதிகம், முகில் மூடினால் வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரியும். ஐந்து நாள் தங்குபவர் காலையில் எழும்பி, உச்சியில் பொருத்திய கமரா காட்டும் வானத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஒரு நாள் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. வானம் வெளிக்கவே இல்லையென்றாலும் ஏரியில் ப்ளூம்லிசால்ப் இருக்கிறது: 1906இல் கட்டிய துடுப்புச் சக்கர நீராவிக்கப்பல். நடுவில் திறந்த இயந்திர அறையைக் குனிந்து பார்த்தால், உருக்குக் கைகள் முன்னும் பின்னும் போய்வருவது தெரியும். கரைக்குக் கரை தொட்டுப் போகும் கப்பல் அது, மழையிலும் அழகு குறையாது.

அடுத்தது இந்தப் பயணத்தின் இதயம் என்று சொல்லத்தக்க ரயில்பாதை. கூர் நகரிலிருந்து அல்புலா, பெர்னினா மலைகளைக் கடந்து இத்தாலியின் தீரானோவில் இறங்குகிறது. 55 சுரங்கங்கள், 196 பாலங்கள். உச்சி 2,253 மீற்றர். 65 மீற்றர் உயர லாண்ட்வாசர் பாலம் வளைந்தபடியே நேரே ஒரு பாறை முகத்துக்குள் நுழைகிறது. பற்சக்கரம் இல்லாமல், வெறும் தண்டவாளப் பிடியிலேயே நூற்றுக்கு ஏழு சரிவில் இறங்கும் இந்தப் பாதையை யுனெஸ்கோ 2008இல் உலக மரபுரிமையாக்கியது. தெமோதரையில் ரயில் தன் பாதையின் கீழேயே சுற்றிப் போவதைக் கண்ட கண்ணுக்குப் புரூசியோவின் வட்டப் பாலம் உறவுக்காரன் போலத் தெரியும். இங்கே ஒரு தகவல் முக்கியம். பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் ஓடும் கண்ணாடிப் பெட்டிகளுக்கு ஆசனப் பதிவு கட்டாயம், யன்னல் திறக்காது. அதே தண்டவாளத்தில் சாதாரண ரயிலும் ஓடுகிறது, அதற்குப் பதிவு வேண்டாம். விரும்பிய நிலையத்தில் இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறலாம். வழியில் பொஸ்கியாவோ என்ற சின்னப் பட்டணத்தில் ஓர் இரவு படுத்தெழும்பலாம். பதுளை ரயிலில் கதவோரம் நின்று காற்று வாங்கி வளர்ந்தவர்களுக்கு எந்த ரயில் பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தீரானோவிலிருந்து மிலான் போகும் ரயில் கோமோ ஏரியின் கிழக்குக் கரையோரமாகவே ஓடுகிறது. அந்தக் கரையில் வரென்னா. அங்கே நாலு இரவு. பெலாஜியோவுக்கும் மெனாஜியோவுக்கும் படகு போகும். அதைவிட அங்கே செய்வதற்கு அதிகமில்லை, அதற்காகத்தான் அங்கே போவது.

கடைசி நாலு இரவு வெனிஸ், அங்கிருந்தே விமானம். இந்த நகரம் 2024 ஏப்ரல் 25 முதல் சில குறிப்பிட்ட நாட்களில், பகலில் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. இரவு தங்குபவர்களுக்கு அது இல்லை. தன்னைப் படமெடுத்துவிட்டு ஓடுகிறவர்களைப் பார்த்து ஒரு நகரமே களைத்துப்போனதற்கான அடையாளம் இது. பகல் கூட்டம் ரயிலேறிப் போன பிறகு சந்துகளில் காலடியோசையும் தண்ணீரும்தான் கேட்கும். தங்கியவருக்கு மட்டும் அது கிடைக்கிறது.

திட்டம் அழகாக இருக்கிறது. ஆனால் கொப்பியில் இன்னும் முறைப் பெயர்கள் இருக்கின்றன. “அவ்வளவு தூரம் போய்ச் சித்தப்பா வீட்டை எட்டியும் பாராமல் வந்தால் சனம் என்ன கதைக்கும்?” என்று பெண்ணின் அம்மா கேட்கிறார். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருக்கும் சம்பந்தியம்மாவும் சேர்ந்துகொள்கிறார்: “போறதே போறீங்க, ஒரு எட்டு பாரிசுக்கும் போயிட்டு வந்துட்டா என்னம்மா?” இதை வெறும் தொல்லை என்று தள்ளுவது அநியாயம். எரிந்த வீடுகளுக்குப் பிறகு சிதறிய குடும்பங்கள் ஒன்றையொன்று பார்க்கக் கிடைக்கும் சந்தர்ப்பம் கலியாணமும் செத்தவீடும்தான். விசா கிடைக்காமல் கலியாணத்துக்கு வரமுடியாதவரும், காசில்லாமல் வராதவரும் உண்டு. புதுச்சோடியைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு நியாயமானது.

ஆனால் ஐந்து வீட்டில் ஆளுக்கொரு நேரச் சாப்பாடு என்றால் அது சந்திப்பாகாது. சப்பாத்தைக் கழற்றி, படம் எடுத்து, பார்சல் வாங்கி, மறுபடி சப்பாத்துப் போடுவது மட்டும்தான் மிஞ்சும். பெண் சொல்லும் வழி வேறு. சித்தப்பா குடும்பத்தையும் மச்சான்மாரையும் அடுத்த வருடம் பாரிசில், லா ஷப்பல் தேர்த் திருவிழாவோடு சேர்த்துப் பார்க்கலாம். இந்தமுறை ஒரே ஒருவர், சுவிஸ் மாமா. தூனில் நிற்கும் ஐந்து நாளில் ஒரு முழு நாள் அவருக்கு. காலையில் பேர்ணில் ஐரோப்பாத் திடலருகே உள்ள சமயங்களின் இல்லத்துக்குப் போகலாம். 2014இல் திறந்த அந்தக் கட்டடத்தின் ஒரே கூரையின் கீழ் பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்த மையமும் தமிழர் கட்டிய சைவக் கோயிலும் இருக்கின்றன. மத்தியானம் மாமா வீட்டுச் சாப்பாடு. பின்னேரம் அவரையும் மாமியையும் கூட்டிக்கொண்டு ஏரிக் கப்பல்.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார். பிறகு தொலைபேசியை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, மேசை நடுவில் வைக்கிறார். மாமா விசயத்தைக் கேட்டுக்கொள்கிறார். முப்பத்தாறு வருடமாக அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறாராம். முதல் எட்டு வருடம் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினாராம். அந்தக் கப்பலின் சங்கொலி குசினியின் பின்கதவால் கேட்குமாம். ஒருநாளும் ஏறியதில்லை.

“எந்த நாள் எண்டு இப்பவே சொல்லிப்போடுங்கோ, நான் லீவு எழுதிக் குடுக்கவேணும்” என்கிறார். “கப்பல் எத்தனை மணிக்கு?”

பெண் கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, நேர அட்டவணையைத் தேடுகிறாள்.