நீர் சூழ்ந்த தனிமையும் வாசலில் நின்ற விருந்தினரும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளத்தில் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். கையில் ஒரு மொழிபெயர்ப்புப் பணி இருந்தது. அயர்லாந்தின் ஏரிக்கரைகளிலும் ஏரித் தீவுகளிலும் வாழ்ந்த ஆதிக் கிறிஸ்தவத் துறவிகளைப் பற்றிய கட்டுரைகள் அவை. ஏலத்தோட்டம் வைத்திருக்கும் அன்பர் ஒருவர் தமது ஸ்டோரின் மாடியறையை எனக்காக ஒழித்துக் கொடுத்தார். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை அப்பகுதியில் ஸ்டோர் என்றே அழைக்கிறார்கள். “சுவாமிஜியை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது” என்று தோட்டத்தில் சொல்லியும் வைத்தார்.

நான்காம் நாள் பிற்பகலில் முதியவர் ஒருவர் படிக்கட்டின் கீழ் வந்து நின்றார். தேனி மாவட்டத்துக் கம்பம் பகுதியிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் வந்து போகும் தோட்டத் தொழிலாளர்களுள் ஒருவர். “சாமியைப் பார்க்கணும்” என்றார். கடினமான ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்த நான் சன்னல் வழியாகவே, “இப்போது வேலையாக இருக்கிறேன். நாளைக்கு வாருங்கள் ஐயா” என்றேன். “சரிங்க சாமி” என்று சொன்னாரே தவிர, உடனே போகவில்லை. கீழ்ப்படியில் அமர்ந்துகொண்டார். இருட்டத் தொடங்கியபோது எட்டிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. விசாரித்தபோது அன்பர் கூறினார்: “அவருடைய மகன் போன மாதம் இறந்துவிட்டான், சுவாமிஜி. உங்களிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று, ஊருக்குத் திரும்பும் ஜீப்பையும் விட்டுவிட்டுக் காத்திருந்தாராம். இப்போது வேறு தோட்டத்திற்கு வேலைக்குப் போய்விட்டார்.”

அந்தப் பிற்பகலில் நான் மொழிபெயர்த்துக் கொண்டிருந்த பகுதி, வரும் விருந்தினரை இறைவனாகவே எண்ணி ஏற்க வேண்டும் என்ற பண்டைய மடங்களின் விதியைப் பற்றியது.

அன்று எழுந்த கேள்வி இன்னும் என்னை விட்டு அகலவில்லை. ஆன்மிக வாழ்வுக்குத் தனிமை தேவை என்று எல்லாச் சமயங்களும் கூறுகின்றன. பிறர் துயரைத் தன் துயராகக் கருத வேண்டும் என்றும் அவையே கூறுகின்றன. கதவை மூடினால்தான் முதலாவது கைகூடும். கதவைத் திறந்தால்தான் இரண்டாவது கைகூடும். இரண்டையும் ஒருவர் எப்படிக் கடைப்பிடிப்பது?

பாலைவனமும் நீரும்

கிறிஸ்தவத் துறவு மரபின் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வி இருந்தது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் வனத்து அந்தோணியார் என்று போற்றும் எகிப்தியத் துறவி, பாழடைந்த ஒரு கோட்டைக்குள் சுமார் இருபது ஆண்டுகள் தம்மை அடைத்துக்கொண்டு தவம் செய்தார். இறுதியில் அவரைக் காண விரும்பியவர்கள் கதவைப் பெயர்த்துவிட்டார்கள். வெளியே வந்த அந்தோணியார் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நோயுற்றோரைத் தேற்றினார், பகைத்திருந்தோரைச் சேர்த்து வைத்தார். நான்காம் நூற்றாண்டில் அவருடைய வரலாற்றை எழுதிய அத்தனாசியார் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த வரலாறு மேற்கு நாடுகளெங்கும் பரவியது. அயர்லாந்துக்குத் துறவு மரபு வந்து சேர்ந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. மழை ஓயாத அந்தப் பசுமை நாட்டில் பாலைவனத்திற்கு எங்கே போவது? ஆகவே அங்குள்ள துறவிகள் காட்டையும் மலைப்பிளவையும் ஏரித் தீவையும் தங்கள் பாலைவனமாகக் கொண்டனர். பாலைவனத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த ‘டிஸர்ட்’ என்ற சொல், இன்றும் அந்நாட்டு ஊர்ப்பெயர்கள் பலவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வடக்கே எர்ன் ஏரியில் உள்ள டெவனிஷ் தீவில், ஆறாம் நூற்றாண்டில் புனித மொலாய்ஸ் ஒரு மடத்தை நிறுவினார். ஷானன் நதி விரிந்து ஏரியாகும் இடத்தில் உள்ள இனிஷ் கெல்ட்ரா தீவிலும் ஏறத்தாழ அதே காலத்தில் துறவிகள் குடியேறினர். இன்று அத்தீவுகளுக்குப் படகில் செல்வோர் இடிந்த கோவில்களையும் கல்லறைகளையும், அவற்றுக்கு நடுவே வானை நோக்கி நிற்கும் வட்டக் கோபுரத்தையும் காண்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த டெவனிஷ் கோபுரத்தின் உயரம் சுமார் 25 மீட்டர்.

உலகிலிருந்து மறைந்து வாழத் தீவுக்குப் போனவர்கள், நெடுந்தொலைவிலிருந்தே கண்ணில் படும் கோபுரத்தை ஏன் எழுப்பினார்கள்? ஐரிஷ் மொழியில் அக்கோபுரத்தின் பெயருக்கு ‘மணி வீடு’ என்று பொருள். துறவிகளைப் பிரார்த்தனைக்கு அழைத்த மணி அங்கிருந்து ஒலித்தது. கரையில் நடந்த வழிப்போக்கனுக்கும் அது கேட்டிருக்கும்.

இன்னொரு செய்தியையும் நாம் கவனிக்க வேண்டும். சாலைகள் அரிதாக இருந்த அக்காலத்தில் ஆறுகளும் ஏரிகளுமே பெருவழிகளாக இருந்தன. நமக்குத் தீவு என்றால் ஒதுங்கிய இடம். அன்றைய மக்களுக்கு அது படகுகள் கடந்து செல்லும் பாதையில் இருந்த இடம். ஆறாம் நூற்றாண்டில் புனித கியரான் நிறுவிய கிளான்மக்னாய்ஸ் மடமோ, ஷானன் நீர்வழியும் நாட்டின் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்திலேயே அமைந்தது. தனிமைக்கு அரணாக இருந்த அதே நீர், மனிதர்கள் வந்து சேரும் வழியாகவும் இருந்தது. அவ்வழியே கொள்ளையரும் வந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் இம்மடங்களைத் தாக்கினர். ஆயினும் துறவிகள் மடங்களை மீண்டும் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தார்கள்.

உள்ளங்கையில் ஒரு பறவை

டப்ளின் நகருக்குத் தெற்கே மலைகளுக்கு நடுவில் கிளென்டலோ என்ற இடம் இருக்கிறது. ‘இரட்டை ஏரிப் பள்ளத்தாக்கு’ என்பது அப்பெயரின் பொருள். அங்கே மேல் ஏரியை ஒட்டிய பாறைச் சுவரில், ஒருவர் முடங்கிக் கிடக்க மட்டுமே போதுமான சிறு குகை உள்ளது. ஆறாம் நூற்றாண்டுத் துறவியான புனித கெவின் அதில் தனித்திருந்தார் என்பது மரபு. அவரைப் பற்றிய ஒரு கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். கெவின் கையை நீட்டிப் பிரார்த்தனையில் ஆழ்ந்திருந்தபோது, கரும்பறவை ஒன்று அவர் உள்ளங்கையில் முட்டையிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை அவர் கையை மடக்கவே இல்லை.

இக்கதையைப் படிக்கும் எவருக்கும் நம் மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் வரும் ஜாஜலி முனிவர் நினைவுக்கு வருவார். அவரும் அசையாமல் தவம் செய்தவர். அவருடைய சடைமுடியில் பறவைகள் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்தன. அவரும் அவற்றுக்கு இடையூறு செய்யவில்லை. ஆனால் குஞ்சுகள் பறந்து போனபின், ‘நான் தர்மத்தை அடைந்துவிட்டேன்’ என்று பெருமிதம் கொண்டார். அப்போது, காசியில் வாழும் துலாதாரன் என்ற வணிகனுக்கு நீ ஈடாக மாட்டாய் என்று வானில் ஒரு குரல் எழுந்தது.

ஜாஜலி காசிக்குச் சென்றார். துலாதாரன் கடைவீதியில் வாசனைப் பொருள்களை நிறுத்து விற்றுக் கொண்டிருந்தான். முனிவரைக் கண்டதும் எழுந்து வரவேற்றான். அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பதையும் அறிந்திருந்தான். எல்லோரையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதும், எவ்வுயிருக்கும் அஞ்சத்தக்கவனாக இல்லாதிருப்பதுமே அவன் கைக்கொண்ட தவம்.

ஜாஜலியின் பொறுமையில் குறையில்லை. பறவைகளுக்கு இடம் கொடுத்தார். ஆனால் அந்தப் பொறுமையைத் தமது உடைமையாக ஆக்கிக்கொண்டார். இங்கேதான் எனக்கு விடையின் ஒரு பகுதி கிடைத்தது. தனிமை ஒரு சாதனம், சாத்தியம் அன்று. வீட்டையும் பொருளையும் துறந்தவர்கூட, ‘என் தியான நேரம், என் அமைதி, என் பணி’ என்று புதிய சொத்துகளைச் சேர்த்துக்கொள்ள முடியும். மண்ணின் மீதிருந்த மமகாரம் மௌனத்தின் மீது குடியேறிவிடுகிறது. சொத்து உள்ளவனுக்கு வருபவர் எல்லோரும் கள்வராகவே தெரிவார்கள். அன்று படிக்கட்டில் நின்ற முதியவரை நான் அப்படித்தான் பார்த்தேன்.

அப்படியானால் கதவே வேண்டாமா?

இதற்கு எதிராக ஒரு நியாயம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. எப்போதும் திறந்து கிடக்கும் கதவுக்குள் பிரார்த்தனையும் படிப்பும் நிலைக்கா. உள்ளே ஒன்றும் சேராவிட்டால் வருபவருக்கு எதைக் கொடுப்பது? ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் தம் மடத்துக்கு விதிகள் வகுத்த புனித பெனடிக்ட் இதை நன்கு உணர்ந்திருந்தார். ஏழைகளையும் யாத்திரிகர்களையும் சிறப்பாகக் கவனித்து ஏற்க வேண்டும் என்று பணித்தார். அதே அத்தியாயத்தில், நேரங்கெட்ட நேரத்தில் வரும் விருந்தினரால் சகோதரர்களின் ஒழுங்கு குலையாதிருக்கத் தனிச் சமையற்கூடம் இருக்க வேண்டும் என்றும் விதித்தார். வாயிலில் விவேகமுள்ள முதியவர் ஒருவரை அமர்த்தும்படி வேறோர் அத்தியாயத்தில் கூறினார். கதவு இருந்தது, தட்டும் ஓசையைக் கேட்கும் செவியும் அதற்கருகிலேயே இருந்தது.

ஆகவே, கதவைத் திறப்பதா மூடுவதா என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. தட்டும் ஓசை கேட்டவுடன் மனத்தில் முதலில் எழுவது என்ன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சில வேளைகளில் “நாளை வாருங்கள்” என்று சொல்வதே முறையாக இருக்கலாம். ஆனால் கீழே இறங்கிச் சென்று, அவர் முகத்தைப் பார்த்து, நாளை அவரால் வர முடியுமா என்று கேட்ட பின்பே அதைச் சொல்ல வேண்டும். நான் சன்னலிலிருந்து சொன்னேன்.

இது துறவிகளுக்கு மட்டும் உரியதன்று. காலை ஜபத்தில் இருக்கும்போது குழந்தை அழைக்கிறது. படுக்கையிலிருக்கும் தாயார் தண்ணீர் கேட்கிறார். அப்போது நம் குரலில் ஏறும் கடுமை, நாம் செய்த ஜபத்தின் தரத்தை நமக்கே காட்டிவிடுகிறது.

வருபவரின் கடமை

விருந்தினருக்கும் ஒரு பங்கு உண்டு. அயர்லாந்தின் வடமேற்கில், டொனிகால் பகுதியில் உள்ள டெர்க் ஏரியில் ஒரு சிறு தீவு இருக்கிறது. புனித பேட்ரிக்கின் பெயரால் பல நூற்றாண்டுகளாக மக்கள் அங்கே யாத்திரை செல்கிறார்கள். 1632இல் அரசாணையால் அத்தலம் இடிக்கப்பட்டது. 1704இல் வந்த சட்டம் அங்கே செல்வதைத் தண்டனைக்குரியதாக்கியது. ஆயினும் மக்கள் வருவது நிற்கவில்லை.

அங்கே கோடையில் மூன்று நாள் யாத்திரை நடைபெறுகிறது. நள்ளிரவு முதல் உண்ணாமல் வந்து, படகிலிருந்து இறங்கியதும் காலணியைக் கழற்றிவிட வேண்டும். முதல் இரவு முழுவதும் கண்விழிப்பு. நாளுக்கு ஒரு வேளை மட்டும் உலர்ந்த ரொட்டியும் பாலில்லாத தேநீரும். ‘படுக்கைகள்’ எனப்படும் கல்வட்டங்களைச் சுற்றி வெறுங்காலுடன் நடந்து ஜபிக்க வேண்டும். பழங்காலத் துறவிகளின் குடில்களில் எஞ்சிய அடிக்கற்கள் என்று அவற்றைக் கருதுகிறார்கள். துறவி தனித்திருந்த இடத்தை இன்று இல்லறத்தார் வலம் வருகிறார்கள். மூன்று நாட்களுக்கு அவர்களே துறவிகளாகிறார்கள்.

புனிதத் தலங்களுக்கும் ஆசிரமங்களுக்கும் செல்லும் நாம் இதை எண்ணிப் பார்க்கலாம். சுற்றுலா செல்பவர் அவ்விடம் தமக்கு என்ன தரும் என்று பார்க்கிறார். யாத்திரிகர் தமது உறக்கத்தையோ உணவையோ பேச்சையோ அங்கே விட்டுவிட்டு வருகிறார். அத்தகையவரால் எந்தத் துறவியின் தனிமையும் கெடாது.

குரிசுமலையில்

சக்குபள்ளத்திலிருந்து புறப்பட்ட நாளில், ஏலப்பாறை வழியாக வாகமண் சென்றேன். அங்குள்ள குரிசுமலை ஆசிரமத்தை 1958இல், பெல்ஜியத்தில் பிறந்த பிரான்சிஸ் ஆச்சாரியாவும் ஆங்கிலேயத் துறவியான பீட் கிரிஃபித்ஸும் நிறுவினர். பீட் கிரிஃபித்ஸ் 1968இல் குளித்தலைக்கு அருகிலுள்ள சாந்திவனத்திற்குச் சென்றுவிட்டார். 2002இல் மறையும் வரை பிரான்சிஸ் ஆச்சாரியா அம்மலையிலேயே வாழ்ந்தார். காவியுடுத்து, மாடு வளர்த்து, உழைத்து உண்டு, சிரியாக் மொழியின் பழம்பிரார்த்தனைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தனிமை நாடி மலையேறியவரைத் தேடி, உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து கொண்டே இருந்தார்கள்.

நானும் அங்கே முன்னறிவிப்பின்றிப் போய் நின்றேன். தோட்டத்தில் மண்வெட்டியுடன் இருந்த துறவி ஒருவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டார். நான் யார், எதற்காக வந்தேன் என்பதையெல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்டார்.

அந்த முதியவர் என்னிடம் கேட்க வந்தது என்ன என்பதை நான் இனி அறியப் போவதில்லை. ஒருவேளை என்னிடம் அதற்கு விடை இருந்திருக்காது. விடை இல்லாவிட்டாலும், கீழே இறங்கிப் போய் அந்தப் படியில் அவருக்கருகில் சற்று நேரம் உட்கார்ந்திருக்கலாம். அன்று பாதியில் விட மனமில்லாமல் நான் முடித்த அந்த வாக்கியத்தை, பின்னர் இரண்டு முறை அடித்துத் திருத்த நேர்ந்தது.