யாருடைய உடம்பு?

ஓவியத்தில் இயேசுவுக்கு யாரும் உடம்பு கொடுக்க வேண்டியதில்லை. வரைகிறவன் கைக்கு வந்த மூக்கு, கைக்கு வந்த நிறம். போட்டோவில் அது நடக்காது. காமிரா முன்னால் ஒரு ஆள் வந்து நின்றாக வேண்டும். எந்த ஆள்?

1898 கோடையில், அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம், ஃப்ரெட் ஹாலண்ட் டே என்கிற பணக்காரர் தன்னையே கிறிஸ்துவாகப் படம் பிடித்தார். முடி வளர்த்தார். பட்டினி கிடந்து உடம்பை வற்ற வைத்தார். சிலுவையில் தொங்குவதும், முள்முடியோடு ஏழு வாக்கியங்கள் சொல்வதுமாக எடுத்துத் தள்ளினார். முகபாவம் பார்த்துக்கொள்ள காமிராவில் கண்ணாடி வேறு. வலி சரியா வருதான்னு பார்க்கணுமில்ல! நல்ல படங்கள்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் என் கண் அந்தப் பட்டினியிலேயே போய் நிற்கிறது. பசி அவருக்கு ஒப்பனை. அந்தக் காலத்தில்தான் அதே நாட்டில் கறுப்பு மக்களைக் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். அதையும் போட்டோ பிடித்து அஞ்சலட்டையாக விற்றார்கள். அதை வாங்கினவர்களும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனவர்கள்தானே.

ஜமைக்காவில் பிறந்த ரெனே காக்ஸ் 1996-இல் கடைசி இராவுணவை ஐந்து பலகைகளில் போட்டோவாக்கினார். நடுவில் கிறிஸ்துவின் இடத்தில் அவரே, உடுப்பில்லாமல், கைகளை விரித்து. சீடர்கள் கறுப்பு ஆண்கள். யூதாஸ் மட்டும் வெள்ளை. 2001-இல் நியூயார்க் புரூக்ளின் மியூசியத்தில் அதை மாட்டியதும் மேயர் ஜூலியானி கத்தோலிக்க விரோதம் என்று பொங்கினார். ஒழுங்கு பார்க்கக் குழு போடப்போவதாகச் சொன்னார்.

டேவுக்கும் எதிர்ப்பு இருந்தது. போட்டோவுக்கு இந்த வேலை ஆகுமா என்று கேட்டார்கள். காக்ஸிடம் கேட்டது வேறு: இந்த உடம்புக்கு அந்த நாற்காலி ஆகுமா? அம்மணம் ஒரு சாக்கு என்றுதான் எனக்குப் படுகிறது.

எங்க பங்கில் பாஸ்கா நாடகம் போடும்போது இயேசு வேஷம் எங்க தெருவுக்கு வந்ததேயில்லை. சாட்டையால் அடிக்கிற சேவகன் வேஷம் தவறாமல் வரும். அப்பா மூன்று வருஷம் அடித்தார்.

அத்தையிடம் காக்ஸ் படத்தைக் காட்டினேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "துணியில்லாம நிக்கிறாளேடி." கொஞ்ச நேரம் கழித்து அதுவே இழுத்துப் பார்த்தது. "அவரையும் துணிய உருவித்தான அறஞ்சானுவ... சரி, இதுல யூதாசு யாரு?"

காட்டினேன். ரொம்ப நேரம் சிரித்தது.