தலைக்கு வைக்கும் எண்ணெய்

ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலம் பேரருவிப் பக்கம் போனால் எண்ணெய் மணக்கும். உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, சூடு பறக்கத் தேய்த்து அருவிக்கு அனுப்புவார்கள். தளர்ந்த பெரியவர்கள்கூடக் கைத்தாங்கலாக வந்து குளித்துப் போகிறார்கள்.

பக்கத்து விருதுநகர் மாவட்டக் கிராமங்களில் அதே எண்ணெய்க் குளியல் உயிரெடுக்கவும் பயன்பட்டிருக்கிறது. படுக்கையில் விழுந்தவருக்கு விடியற்காலையில் தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்து, குளிர்ந்த நீர் ஊற்றி, இளநீரை மேன்மேலும் புகட்டுவார்கள். காய்ச்சல் கண்டு ஓரிரு நாளில் உயிர் பிரியும். இதற்குத் தலைக்கூத்தல் என்று பெயர். 2010இல் முதியவர் ஒருவர், வீட்டார் இதைப் பேசுவது காதில் விழுந்து, உறவினர் வீட்டுக்குத் தப்பி ஓடினார். அதன் பிறகே நாடு திரும்பிப் பார்த்தது.

இது கொலை. வேறு பெயரிட வழியில்லை.

வறுமை உண்மைதான். படுத்தவரைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்குப் போகிறவள் வீட்டில் தங்கினால் அன்று அடுப்பு எரியாது. அதற்கு விலை இன்னொருவர் உயிராக இருக்க முடியாது. சட்டம் ஏற்கும் சாவும் இதுவல்ல. மீளாத நோயில் உயிர்காக்கும் கருவிகளை விலக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9இல் தீர்ப்பளித்தது. அங்கே பேசுவது நோயாளியின் விருப்பம். சங்ககால அரசன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, உண்ணாமல் உயிர் விட்டதும் தன் முடிவாலேயே. தலைக்கூத்தலில் கருத்துக் கேட்கப்படாத ஒரே ஆள் சாகப்போகிறவர்.

எப்படியும் போகிற உயிர்தானே என்று சமாதானம் சொல்லவும் முடியாது. சாவு நிச்சயம் என்பதைச் சொல்லாத தமிழ் நூல் அரிது. நாலடியார் செல்வம், இளமை, யாக்கை மூன்றின் நிலையாமையோடு தொடங்குகிறது. நான்காவது அதிகாரமே அறன் வலியுறுத்தல். உடம்பு நில்லாது என்று அறிந்தவனுக்கு அடுத்த வேலை அறம் என்பதே அந்த வரிசை. எல்லாம் துறந்த பட்டினத்தாரும் தாய்க்குக் கொள்ளி வைக்கத் திரும்பி வந்தார் என்கிறது மரபு. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், தனக்குப் பின் அதைப் பேணுவோரின் அடி பணிவதாகக் கல்லில் வெட்டிவைத்தான். தான் இருக்கப்போவதில்லை என்று தெரிந்த அரசன், பேணும் கையைக் கும்பிட்டான்.

அந்தக் கை இன்றும் வீடுகளில் இருக்கிறது. புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கிறது. காய்ந்த உதட்டில் ஈரத்துணி ஒற்றுகிறது. கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் ஊட்டுகிறது. நாளை நமக்கும் இது வேண்டும் என்பதை அந்தக் கட்டிலருகே இருந்தவர் மறப்பதில்லை.

அப்படிப் பேணுகிறவர்களைத் தனியே விடக் கூடாது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிக்கும் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. உங்கள் தெருவில் படுத்த படுக்கையாய் யாரேனும் இருந்தால், ஊர் சுகாதாரச் செவிலியரிடம் இன்றே சொல்லுங்கள்.